மோட்டரைத் தூக்க இரண்டு பேர்

ஸ்ட்ரெதம், லண்டன்
18.11.1990

அன்பான தம்பி யேசுரட்ணத்துக்கு,

மச்சாள் பியற்றிஸ் எழுதுவது. நானும் மகளும் இருக்கிறோம். மண்டபம் முகாமில் நீரும் மாமியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மாமியின் கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறைக்கச் சொல்லும். கேட்கமாட்டா, என்றாலும் சொல்லும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அப்பா நத்தார்ப் பண்டிகைக்கு வருவார் என்று றெஜினா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள். ரீச்சர் என்னிடம் கேட்டா. நான் 'யெஸ்' என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அதுதான் சுகமானது.

உம்முடைய அண்ணருக்கு இரங்கற் பூசை வைக்கவேண்டும் என்று நீர் எழுதினதற்கு, வேண்டாம் என்று மறுமொழி போட்டேன். கோபிக்க வேண்டாம். உம்முடைய கடிதத்தில் ஒரு விசயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கடல் கடக்கையில் மணல்திட்டில் படகு மோட்டரின் கால் புதைந்தது, தூக்குகிற சுவிச்சை அழுத்த இரைந்தது, ஆனால் எழும்பவில்லை என்று எழுதியிருந்தீர். சனத்தை இறக்கி, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நீர் திட்டுக்கு நடந்தீர். இவர் படகோடு நின்றார். நேவி ரோந்துக்காரரின் வெளிச்சம் வந்தது. விடியப் பார்த்தால் படகுமில்லை, இவருமில்லை. படகு இல்லையென்றால் மோட்டரைத் தூக்கிவிட்டு ஓடித் தப்பியிருப்பார், எங்கேயோ ஒரு கரையில் இருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்த வீட்டில் மற்ற அறையில் இருக்கிற றோஸ்மலர், தேம்ஸ் ஆற்றங்கரையில் படகு திருத்துகிற இடமொன்றில் துப்புரவு வேலை செய்கிறாள். என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். "என்ன அக்கா, கவுன்சில் வீடு தராட்டில் படகிலை குடியிருக்கப் போறியளோ?" என்று பகிடி விட்டாள். விசயத்தைச் சொன்னதும் கோட்டை எடுத்துப் போட்டாள்.

அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரன்தான் மெக்கானிக். நான் சொன்னதை அவள் இங்கிலீசில் சொன்னாள். இரைகிறதென்றால் கரண்டில் பிழையில்லை, மோட்டரைத் தூக்குகிற எண்ணெய் ஒழுகியிருக்கும், இல்லாவிட்டால் அதற்குள் காற்றுப் போயிருக்கும் என்றான். அப்படியென்றால் ஒன்றும் செய்ய ஏலாதோ என்று கேட்டேன். ஏலும் என்றான். எப்படி என்று உடனே கேட்கச் சொன்னேன். மோட்டர் பூட்டியிருக்கிற இரும்பின் பக்கத்தில் ஒரு பெரிய திருகாணி இருக்கிறதாம். அதை இளக்கினால் எண்ணெய் விட்டுக்கொடுக்கும், கையாலேயே தூக்கலாம், உயர்ந்ததும் விழாமல் கொக்கியைத் தட்டிவிட்டால் சரி. இவருக்கு அது தெரியாமலிருக்காது.

அப்படியொரு மோட்டர் அங்கே நின்ற படகில் இருந்தது. அவன் திருகாணியை இளக்கிவிட, நான் தூக்கினேன். அசையவில்லை. றோஸ்மலரும் பிடித்தாள். கொஞ்சம் எழும்பி, எங்கள் கையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. அவனும் வந்து பிடித்த பிறகுதான் உயர்ந்தது. அப்போதும் கொக்கியைத் தட்ட ஒரு கை தேவைப்பட்டது. ஒரு ஆள் தனிய நின்றால் என்று கேட்கச் சொன்னேன். தரையிலேயே இரண்டு ஆம்பிளைகள் வேண்டும், மணலில் புதைந்ததை இடுப்பளவு தண்ணீரில் நின்று தனியத் தூக்க ஏலாது என்றான். அப்போ படகு எப்படிப் போனது என்றேன். சனம் இறங்கிப் பாரம் குறைந்தால், அலை அடித்து ஆளில்லாமலும் இழுபட்டுப் போகும் என்றான். பிறகு எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தான். நல்ல மனிசன்.

தம்பி, இதை உம்மைக் குத்துவதற்கு எழுதவில்லை. "பிள்ளையளைக் கொண்டு போடா, நான் பாக்கிறன்" என்று இவர் சொன்னதாக எழுதியிருந்தீர். அப்படித்தான் சொல்லியிருப்பார். நீர் நின்றிருந்தால் அந்தப் பிள்ளைகள் இல்லை. மாமிக்கு நீரும் இல்லை. இந்த இடத்தை மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

பூசையை வையும். சுவாமியாரிடம் செபமாலை யாக்கோப்பு என்று முழுப்பெயரையும் வாசிக்கச் சொல்லும். நீர் இனிக் கடலுக்குப் போகாதையும். கூலி வேலை என்றாலும் கரையில் செய்யும்.

பூசை முடிந்தது என்று உம்முடைய கையெழுத்தில் வந்த பிறகுதான் நான் தாலிக்கொடியைக் கழற்றுவேன், றெஜினாவுக்கும் சொல்லுவேன். அதுவரைக்கும் அவர் எங்களுக்கு இருக்கிறார். ஆனபடியால் தம்பி, பூசையைப் பிந்தவிட வேண்டாம். கடிதத்தை மட்டும் அவசரப்படாமல் ஆறுதலாகப் போடும்.

மாதா உம்மைக் கரையிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உம்முடைய மச்சாள்,
பியற்றிஸ்