மூன்று மீட்டரில் பாறை

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், இனி இதில் எழுதி வைக்கிறேன். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைப் பெண்களுக்கு ஆறு மாடி விடுதி. மண் பரிசோதனை எங்கள் நிறுவனம். நான்காவது துளை, மூன்று மீட்டரில் இயந்திரம் திணறியது. துளை போடும் ஏழுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"டங்குனு கேக்குது சார். பாறைதான். எழுதிக்கோ, மூட்ட கட்டலாம்."

"இன்னும் மூணு மீட்டர் போ."

"ட்ரில் பிட்டு தேஞ்சா மேனேஜர் என்னியதான் கேப்பாரு. நீ சொல்றியா அவராண்ட?"

"நான் சொல்லிக்கறேன். போடு."

ஒன்றேகால் மீட்டர் கல். பிறகு சரேலென்று இறங்கியது. வந்தது பழுப்புக் களிமண்.

"இன்னா சார், கல்லுக்குக் கீய மண்ணு கீது!"

அக்டோபர் 8, புதன்

வெயில். பஸ் தாமதம். மேனேஜர் பாஸ்கர் என் அறிக்கையைத் திருத்திவிட்டான். துளை 4: 3 மீ., கெட்டிப் பாறை. என்னிடம் வேலை கற்று, ராஜஸ்தான் போய்த் திரும்பி, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவன்.

"அங்க பத்து வருஷம் பாத்துட்டேன் சார். கல்லு தட்டுச்சுன்னா கீழ வரைக்கும் கல்லுதான். நீங்க பாத்தது ஏதோ வெடிப்புல இருந்த மண்ணு."

அது வறண்ட பூமி. வெயிலில் கல் மேலே உதிரும், உள்ளே கெடாது. இங்கே சூடும் மழையும் சேர்ந்து வேலை செய்கின்றன. விரிசல் வழியே நீர் இறங்கி, கருங்கல்லை ஆழம் வரை மக்கவைத்து மண்ணாக்கும். மக்காத நடுப்பகுதி மட்டும் உருண்டையாக, மண்ணுக்குள் தனியாக நிற்கும். விளக்கினேன்.

"புரமோஷன் கோவம் இன்னும் ஆறலியா சார்?"

அறையே சிரித்தது.

அக்டோபர் 9, வியாழன்

தூறல். வாங்க வேண்டியவை: குடை, சர்க்கரை மாத்திரை, தபால் உறை.

சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் இரண்டு பெண்கள், தெற்கத்திப் பேச்சு.

"புது ஆஸ்டல்ல ரூமுக்கு நாலு பேருதானாம்ல."

"ஏட்டி, அப்ப மொத மாடியாக் கேளு. நைட் ஷிப்டு முடிச்சு எவ படி ஏறுவா?"

பாறை என்று நம்பி நான்காவது துளை போட்ட மூலையில் தூணை நிறுத்துவார்கள். அடியில் களிமண் அமுங்கும். ஆறு மாடியும் ஒரு பக்கம் இறங்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

மேகம், மழை இல்லை. கட்டடத்தை வடிவமைக்கும் பொறியாளருக்குக் கடிதம். முதல் பிரதியில் பாஸ்கரைப் பற்றியே அரைப் பக்கம். கிழித்தேன். இரண்டாவதில் ஆழம், கல், மண், எந்த மூலை. சுற்றிலும் மீண்டும் துளை போட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி. கையெழுத்துப் போடப் போய் நிறுத்தினேன். என் பெயரைப் பார்த்தால் பாஸ்கரைக் கேட்பார்கள். அவன் சிரிப்பான், கடிதம் குப்பைக்குப் போகும். கோபம் எனக்கு உண்டுதான். அதனால் அந்தக் களிமண் பாறையாகிவிடாது. பெயரில்லாமலே போகட்டும். என்னை யாருக்கும் தெரியாத சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, தபாலில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.