நடுக்கத்தோடே ஏறுகிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போன வாரம் உயரமான கட்டடத்தின் வெளிக் கண்ணாடி துடைக்கையில் தொங்குபலகையின் கயிறு அறுந்து, இடுப்பில் கட்டிய பாதுகாப்பு பெல்ட்டில் கொஞ்ச நேரம் ஊஞ்சலாடினேன். கீறல்கூட இல்லை. ஆனால் அந்தரத்தில் ஜெபித்தபோது, நீங்கள் சொல்லும் அந்தச் சமாதானம் வரவில்லை அம்மா. பல்தான் கிடுகிடுத்தது.

இழுத்து ஏற்றிய மேஸ்திரி கேட்டார்: "உன் சாமி பக்கத்துல இருந்த மாதிரி தெரிஞ்சுதா?"

"தெரியலண்ணே. ஆனா இருந்தாரு."

இன்று மறுபடி வேலை. மறுபடி அந்தப் பலகைதான். பயம் போகட்டும் என்று காத்திருந்தால் ஏறவே மாட்டேன். கைவிடமாட்டேன் என்று கர்த்தர் சொன்னாரே, அதை நம்பி நடுக்கத்தோடே ஏறுகிறேன்.

மேலே குளிர்காற்று, கனமான காலுறை அனுப்புங்கள். வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை உங்கள் குரலில் போனில் வாசித்தும் அனுப்புங்கள், மேலே நிற்கையில் கேட்க நீளமானதாக இருக்கட்டும். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்