சுமதி படத்துக்கு மாலை

வெள்ளி, இரவு.

நான் எடுத்த பாட்டு வீடியோவில் காதலி விபத்தில் சாகிறாள். சண்டை போட்டு அனுப்பிய காதலன், அவள் படத்துக்கு மாலை போட்டு அழ வேண்டும். நடித்த பெண் தன் படத்துக்கு மாலை கூடாதென்று மறுத்துவிட்டாள். அவசரத்துக்கு, முகம் மங்கலாகத்தானே தெரியும் என்று என் மனைவி சுமதியின் படத்தை வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை.

இன்று வெளியானதும் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் போனில் அழுதார். "உயிரோட இருக்கறவளுக்கு மாலை போட்டுட்டீங்களே மாப்ள!"

சுமதி திட்டவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் ஸ்கூட்டியில் செங்கம் ரோட்டுக் கடைக்குப் போனாள். திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

இப்போது தூங்குகிறாள். இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். மூன்றாம் முறை, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இன்னும் இருக்கேன். படுங்க."