லீட்டருக்குப் பதினைந்து

2009 ஜூன் 3, புதன்
துரைக்கு, அதாவது எங்கள் மனேஜருக்கு, புதுக் கார் வந்திருக்கிறது. புதுசு என்றால் ஜப்பானில் ஓடிப் பழகியது. ஹைபிரிட், பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுவது. பொத்தானை அமுக்கியதும் ஒரு பெண் ஜப்பான் பாஷையில் பணிவாக ஏதோ சொல்கிறாள். பதினோரு வருடமாகத் தேயிலைத் தோட்டத்து ஜீப்பை ஓட்டுகிறேன், ஒருவரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

கம்பனியின் ஏற்பாடு இது. மூன்று மாதம் பரீட்சை. லீட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் கார் இங்கேயே நிற்கும், ஜீப்பை விற்றுவிடுவார்கள். ஓடாவிட்டால் கார் கொழும்புக்குத் திரும்பும். தினமும் நான் அளவைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஜீப் ஏழு ஓடும். இறக்கத்தில் எட்டு.

ஜூன் 5
தோட்டத்தின் மலை உச்சிப் பகுதியான மேல் டிவிசனுக்குக் காரில் போய்ப் பார்த்தேன். இரண்டாவது முடக்கு வளைவிலேயே அடிப்பாகம் பாறையில் இடித்தது. ரிவர்ஸில் வந்தேன்.

என் மனைவி வினோதா மேல் டிவிசனில் அவள் அப்பாவின் லயத்து வீட்டில் இருக்கிறாள். ஆறாம் மாதம். அங்கிருந்து ஒரு நோயாளியைக் கீழே இறக்க ஜீப்பை விட்டால் வேறு வழி இல்லை. கொழுந்து ஏற்றும் லொறி பகலில் இரண்டு தடவை வரும். வலி லொறி நேரம் பார்த்தா வரும்?

ஜூன் 8
மாமனார் வீரய்யா வந்தார். டிவிசனில் தொழிற்சங்கத் தலைவர் என்பதால் எதையும் தீர்மானம் போலத்தான் சொல்வார். "மாப்புள்ள, பெருசா ஒண்ணும் வேணாம். கொஞ்சம் மட்டமா ஓட்டுங்க. அது போதும்."

சரி என்றேன். மட்டமாக ஓட்டுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஜூன் 16
மழை தொடங்கிவிட்டது. குளிரில் சூடாகும்வரை எஞ்சின் நின்று பற்றரிக்கு வழிவிடவே மாட்டேன் என்கிறது. கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏ.சி. போட வேண்டும், அதற்கும் எஞ்சின் ஓட வேண்டும். ஈர ரோட்டில் டயரும் இழுக்கிறது. லீட்டருக்கு 13.1. நான் ஒன்றுமே செய்யவில்லை. எல்லாம் வானம் செய்தது.

ஜூன் 24
துரை காரில் இல்லை. பாலத்தடியில் கொழுந்தெடுக்கும் மீனம்மாக்காவும் நான்கு பெண்களும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். கூடவே இரண்டு மூட்டை முட்டைக்கோஸ்.

"ஏன் தம்பி, நாங்க ஏறுனா இது பெட்ரோலு கூடக் குடிக்குமாமே?"

"குடிக்கும்க்கா."

"அப்ப ஏறுறோம்."

ஐந்து பேரும் சந்தோஷமாக ஏறினார்கள். பஸார் வரைக்கும் போக ஒருவருக்கும் வேலை இல்லை. போய்விட்டு அதே காரில் திரும்பினார்கள். 12.2. சேறு கழுவ ஒரு மணி நேரம்.

ஜூலை 2
வெயில். 16.4. மாமனார் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 19
இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். எனக்கு இந்தக் காரைப் பிடித்திருக்கிறது. ஃபெக்டரியிலிருந்து பஸார் வரை இறக்கம். காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். இறங்க இறங்க பற்றரி தானாக ஏறும். ஒரு சொட்டு பெற்றோல் இல்லாமல் நாலு கிலோமீட்டர். நான் இறக்கத்தில் வீணாக பிரேக்கை மிதித்துக்கொண்டு போகிறேன். மிதிக்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

ஆகஸ்ட் 12
மேல் டிவிசனில் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணுவுக்கு மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ஜீப்பில் இருபத்தைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள் என்று நிம்மதி.

காரின் சராசரி 14.2. ஜீப் பிழைத்துக்கொள்ளும் போல.

ஆகஸ்ட் 28
பிழைக்காது போல. மழைக் காலத்து அளவை வைத்து முடிவெடுக்க முடியாது என்று கொழும்பில் சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை ஓர் இஞ்சினியர் வருகிறார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஹட்டன் போய்த் திரும்புவார். அந்த ஓர் ஓட்டம்தான் தீர்ப்பு.

வினோதாவிடம் சொன்னேன். "அன்னைக்கு மழ பெய்யலேன்னா?" என்றாள்.

"ஏத்தமெல்லாம் மிதிச்சுக்கிட்டே போவேன்."

"செய்வீங்களா?"

"ஏன் செய்ய மாட்டேன்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 31, திங்கள்
மழை பெய்யவில்லை.

இஞ்சினியர் பெயர் சிவரூபன், யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையான மனிதர். வினோதாவிடம் சொன்னபடியே செய்தேன். ஏற்றமெல்லாம் மிதித்தேன், முடக்கில் போய் இடிக்கிற மாதிரி பிரேக் போட்டேன். நோர்வூட்டில் 11. அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பிறகு சொன்னார், "குறை நினைக்காதையும் தம்பி. காரில பிழையில்லை. ட்ரைவருக்கு ஜீப்தான் ஓடத் தெரியும், இது விளங்காது எண்டு உம்மட மனேஜர் சொன்னவர். சரியாத்தான் சொல்லியிருக்கிறார்."

ஆமாம் சேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். விளங்காதவனாக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்திருந்தால் போதும்.

நோர்வூட் தாண்டியதும் கால் தானாக இலேசானது என்று எழுதினால் அது பொய். நான்தான் இலேசாக்கினேன். முன்னால் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று பார்த்து முந்தியே காலை எடுத்தேன். இறக்கத்தில் பற்றரியை நிரப்பி, அதை அடுத்த ஏற்றத்தில் செலவழித்தேன். டிக்கோயாவில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்க்கத் தொடங்கினார். திரும்பி வரும்போது, "அந்த மாதிரி ஓடுறீர் தம்பி!" என்றார். யாழ்ப்பாணத்தில் அது பெரிய பாராட்டு.

16.3.

எழுதத்தான் வேண்டும்: தோட்டத்து கேட் வரைக்கும் நான் சந்தோஷமாக இருந்தேன். கேட்டுக்குள் ஜீப் நின்றது.

செப்டெம்பர் 1
"எத்தன வந்துச்சு?" என்று வினோதா கேட்டாள்.

"பதினாறு தசம் மூணு."

அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "நல்லா ஓட்டியிருக்கீங்க" என்றாள்.

ஏசியிருக்கலாம். ஏசத் தெரியாதவள் இல்லை.

செப்டெம்பர் 9
ஜீப் போய்விட்டது. கினிகத்தேனையிலிருந்து ஒரு முதலாளி வந்து எடுத்துப் போனார். வண்டி எப்படி என்று சிங்களத்தில் கேட்டார். குளிரில் முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டெம்பர் 14
பாலத்தடியில் மீனம்மாக்காவும் மற்றவர்களும் நின்றார்கள். மழை தூறியது. காரை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"நீங்க போங்க தம்பி" என்றார் மீனம்மாக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

செப்டெம்பர் 21, திங்கள்
காலை பத்து மணிக்கு வினோதாவுக்கு வலி வந்திருக்கிறது. லொறி அப்போதுதான் இறங்கிப் போயிருந்தது. கம்பளியில் கட்டி, ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து பெரிய ரோட்டுக்கு வந்து, அங்கே ஓர் ஓட்டோவை மறித்து ஏற்றியிருக்கிறார்கள். அந்த இடத்துக்கும் ஒஃபிசுக்கும் கூப்பிடு தூரம். ஒஃபிஸ் வாசலில் நான் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பியோன் வந்து சொன்னான். துரையிடம் கேட்டுக்கொண்டு காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் பிள்ளை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேரும் சுகம். மாமியார் லெட்சுமி நான் உள்ளே வந்ததும் எழுந்து வெளியே போனார்.

"ரோட்டுக்கு வந்ததும் என்னைய கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றேன். அழுகை வந்தது. வார்டு என்றும் பார்க்கவில்லை, அழுதேன்.

"அப்பா ஆள் அனுப்பத்தான் பாத்தாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன் வினோதா?"

பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள்.

"ஆள் ஏறுனா கொறஞ்சிருமில்ல?"

திரும்பி வரும்போது காரில் நான் மட்டும்தான். மழை இல்லை, பனி இல்லை, ரோடு காய்ந்திருந்தது. 19.1. கார் வந்த நாளிலிருந்து இவ்வளவு ஓடியதில்லை.