சொல்லிவிட்டு வருகிறவர்

ஜூன் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? சனிக்கிழமை சந்திப்பு அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு வாயாடி என்று பேர் வைத்தவரை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது. பேச வரவில்லை என்றால் எழுது. எங்கள் குழந்தைகள் உதவி நிறுவனத்துக்கு நீ எழுதும் கடிதத்தைக் கூர்நோக்கு இல்லத்தில் யாரும் பிரிக்கக் கூடாது, அது சட்டம். மேட்ரன் உறையைத் தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான். புதன்கிழமைதோறும் எங்கள் பியூன் வந்து தபால் பையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"நீங்க வக்கீலும் இல்ல, போலீஸும் இல்ல, டீச்சரும் இல்ல. பின்ன யாரு?" என்று கேட்டாய். வக்கீல் உன் வழக்கைப் பற்றிப் பேசுவார். நான் உன்னைப் பற்றிப் பேசுவேன். நீ எங்கே இருக்க வேண்டும், யாரோடு இருந்தால் உனக்கு நல்லது என்று நீதிபதியிடம் உனக்காகக் கேட்பதுதான் என் வேலை. ஆனால் உன் பள்ளிக்கூடப் பையில் இருந்த போதைப் பொட்டலங்கள் யாருடையவை என்று நீ சொல்லாதவரை நான் எழுந்து நின்று என்னத்தைக் கேட்பது? "நல்ல பெண்தான், கொஞ்சம் வாய் ஜாஸ்தி" என்றால் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா

---

ஜூன் 10

குடை அக்காவுக்கு,

வணக்கம். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் கையில் குடையோடு வருவதால் எங்கள் அறையில் உங்களுக்கு இதுதான் பேர். கோபித்துக்கொள்ளாதீர்கள். மேட்ரனுக்கு வைத்திருக்கிற பேரைக் கேட்டால் இது எவ்வளவோ தேவலை என்பீர்கள்.

எங்கள் அம்மாவுக்கு உங்களைப் பிடிக்கும். முதல் தடவை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் போன் செய்து, வரலாமா என்று கேட்டீர்கள் இல்லையா? "போலீஸ்னா கதவை உதைச்சுக்கிட்டு வருது. இந்தப் பொண்ணு கேட்டுட்டு வருது பாரு" என்று அம்மா என்னைப் பார்க்க இங்கே வந்தபோது அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். உங்களுக்காகக் கப் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாளாம்.

யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று சொன்னதால் எழுதுகிறேன். பொட்டலம் அந்த ஆளுடையது. அம்மாவின் இரண்டாவது வீட்டுக்காரன். எனக்குப் பதின்மூன்று வயதில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பையை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்பான். முதலில் மாட்டேன் என்றேன். "நீ போகலேன்னா குட்டி போவா" என்றான். அதற்கப்புறம் நான் ஒரு நாளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. என் தங்கைக்கு இப்போது பதினொரு வயது. நான் இங்கே இருக்கிறேன். அங்கே பையைத் தூக்குவது யார்?

இதை யோசித்துக்கொண்டுதான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள். போன தடவை நீங்கள் என்னைப் பற்றி மட்டும் கேட்டதால் விட்டுவிட்டான். அவனையோ குட்டியையோ பற்றி யாராவது விசாரித்தால் உடனே வீட்டை மாற்றிவிடுவான். போன வீட்டில் பக்கத்து அறைக்காரர் சும்மா என்ன வேலை என்று கேட்டார். விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். குட்டியின் செருப்புகூட அங்கேயே கிடந்தது. அதனால் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். மணி அடித்ததும் குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அவள் அழுவாள். அழட்டும். வாயாடி அனுப்பினாள் என்றால் வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
வாயாடி

---

ஜூன் 12

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை நேற்று இரண்டு தடவை படித்தேன். நீ இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகத் தாங்கியிருக்கிறாய். என் மனசு ஆறவில்லை.

ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அன்றே குழந்தைகள் நல அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அதற்கு விலக்கே கிடையாது. சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கே போகலாம் என்று நீ எழுதியதையும் சொன்னேன். தாயைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது என்கிறார். ஜீப் அடுத்த வியாழக்கிழமைதான் கிடைக்குமாம். நானும் அவரும் போகிறோம்.

அவன் இல்லாத நேரமாகப் பார்த்து இன்று காலை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் யார் வாசலிலும் போய் நிற்பதில்லை என்பது எங்கள் வழக்கம், உனக்கே தெரியும். தவிர, அம்மா நம் பக்கம் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். போனை எடுத்தது யார் தெரியுமா? குட்டி! முன்பு நான் வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், பார்த்ததில்லை. அவ்வளவு கணீரென்று ஒரு குரல். "சாப்பிட்டியா?" என்றேன். "சாப்பிட்டேன். நீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் யாரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை. அம்மாவிடம், வியாழக்கிழமை ஓர் அதிகாரியோடு வருகிறேன், குட்டியைப் பற்றிப் பேச வேண்டும், பயப்படாதீர்கள் என்றேன். "எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்டாள். அப்புறம் "வாங்க" என்றாள்.

தைரியமாக இரு. நல்லபடியாக முடியும்.

அன்புடன்,
அக்கா

---

ஜூன் 16

அக்கா,

போன் செய்தீர்களா? ஏன் செய்தீர்கள்? வியாழக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். இந்த நிமிஷம் போங்கள். ஜீப் இல்லை என்றால் ஆட்டோவில் போங்கள். அம்மா அவனிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள். அவளுக்கு அவனை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

உங்களுக்கு ஒரே ஒரு போன் செய்கிறேன் என்று மேட்ரன் காலைப் பிடித்தேன். மாட்டேன் என்றார். கத்தினேன். தனி அறையில் போட்டுவிட்டார்கள். இதைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துப் பையில் போடச் சொல்லியிருக்கிறேன். பை புதன்கிழமைதான் போகும்.

போங்கள் அக்கா.

---

ஜூன் 20

வாயாடி,

உன் கடிதம் புதன்கிழமை மாலையே என் மேஜைக்கு வந்திருக்கிறது. நான் அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தேன். நேற்று விடிந்ததும் அப்படியே ஜீப்பில் ஏறிவிட்டேன். திரும்பி வந்துதான் படித்தேன். முன்பே படித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

வீடு காலி. கதவு சும்மா சாத்தியிருந்தது. கீழே டயர் கடைக்காரரைக் கேட்டோம். "போன வியாழக்கிழமை ராத்திரியே வண்டி வந்துச்சுங்க. சின்னப் பொண்ணு தூக்கக் கலக்கத்துல நடந்து போச்சு. எங்கன்னு சொல்லல" என்றார். நான் போன் செய்த அன்றைக்கே. உள்ளே சுவரோரம் குட்டியின் ஓவியப் புத்தகம் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னல் மேடையில் இரண்டு கப் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உன் அம்மா எனக்காகத்தான் கழுவினாளோ என்று நினைத்துக்கொண்டே அங்கே நின்றேன். அதிகாரி கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். வீட்டுக்குப் போகாதீர்கள் என்று எழுதியிருந்தாய். அதிகாரி சொன்னார், வழக்கம் அப்படி என்றெல்லாம் சாக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை எடுத்து நம்பரை அழுத்தியது என் கை. என்னை மன்னித்துவிடு. போலீஸில் சொல்லியாயிற்று, தேடுகிறார்கள். நானும் தேடுவேன்.

அக்கா

---

ஜூன் 25

மேடம் அவர்களுக்கு,

யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றீர்கள். பிரித்தது நீங்கள். ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டியதும் நீங்கள். எனக்காகப் பேசுவதுதான் உங்கள் வேலை என்றீர்கள். நான் பேசியதை நீங்கள் ஒரு தடவையாவது காதில் வாங்கியிருக்கலாம்.

நாலு வருஷம் அவளை அந்தப் பையைத் தொடவிடாமல் பார்த்துக்கொண்டேன். நீங்கள் ஒரே போனில் முடித்துவிட்டீர்கள். போலீஸ் கதவை உதைத்துக்கொண்டே வந்திருக்கலாம்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். சனிக்கிழமையும் வர வேண்டாம்.

---

செப்டம்பர் 3

அன்புள்ள வாயாடிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

நேற்றுக் கோர்ட்டில் நீதிபதி என்னைப் பேசச் சொன்னபோது, "இவங்க எனக்காகப் பேச வேணாம் சார்" என்றாய். உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? பிப்ரவரியில் உனக்குப் பதினெட்டு முடியும்வரை இல்லத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். உன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. சாப்பிடுவதில்லை என்று மேட்ரனும் சொன்னார். என்மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்டாதே.

புதிதாக யாராவது சேர்ந்தார்களா என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடுமுறை நாளில் எல்லாம் இதே வேலைதான். வாசலில் வாட்ச்மேன் யார் நீங்கள் என்று கேட்கும்போது நீ கேட்ட கேள்விதான் ஞாபகம் வருகிறது. இன்னும் கிடைக்கவில்லை. நான் விடப்போவதில்லை.

அக்கா

---

ஜனவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

குட்டி கிடைத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிட்டேன். இனிமேல் சொல்வதை உட்கார்ந்து படி.

வேறொரு ஊரில் பஸ் நிலையத்தில் காவலர் ஒருவர் பையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஓடியிருக்கிறாள். பின்பக்கத்து மதில் ஏறிக் குதித்ததில் வலது கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, அந்த ஊர்க் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறாள். நடப்பாள், ஆனால் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பாள் என்கிறார் டாக்டர். பையில் என்ன இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த ஆளும் உன் அம்மாவும் இன்னும் அகப்படவில்லை.

நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. முதலில் நீதான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் காவலோடு கூட்டிப்போக உத்தரவு வாங்கிவிட்டேன். ஓவியப் புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறேன், கையில் எடுத்துப் போ. பிப்ரவரியில் நீ வெளியே வந்ததும் அந்தக் காப்பகத்துக்குப் பக்கத்திலேயே உனக்கு ஓர் அறையும் தையல் கூடத்தில் வேலையும் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். விடுதலையாகிற அன்றைக்கு இல்லத்தின் கேட்டில் வந்து நிற்கட்டுமா? உங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிட்டால் போதும் எனக்கு. வேண்டாம் என்றால் வேண்டாம். இந்த முறை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.

அக்கா

---

ஜனவரி 20

அக்காவுக்கு,

குட்டியைப் பார்த்தேன். தடி ஊன்றி வந்தாள். உயரமாகிவிட்டாள். என்னைப் பார்த்து அழவில்லை. "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஓவியப் புத்தகத்தை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

கிளம்புகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். ஏழு மாசமாக யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தாளாம்.

"அக்கா, அந்த வீட்ல ஒரு நாள் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். ஒரு அக்கா பேசினாங்க. சாப்பிட்டியான்னு கேட்டாங்க. நல்ல அக்கா. அம்மாகிட்ட குடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே கிளம்பிட்டோம். நான் போனை எடுத்தது தப்பா?"

"இல்லடி. அது ராங் நம்பர்" என்றேன்.

"ராங் நம்பர்ல சாப்பிட்டியான்னு கேப்பாங்களா?"

"சில பேர் கேப்பாங்க" என்றேன்.

அரைகுறையாக நம்பினாள் என்று நினைக்கிறேன். மிச்சத்தையும் நம்ப வைத்துவிடுவேன். என் பொய்யை அவள் என்றைக்கும் முழுசாகத் தள்ளியதில்லை.

நீங்கள் தேடினீர்கள் என்று காவலுக்கு வந்த போலீஸ் அக்கா சொன்னார். எத்தனை ஊர், எத்தனை பள்ளிக்கூடம் என்று சொன்னார். எனக்கு இப்போது உங்கள்மேல் கோபம் இல்லை. அறையும் வேலையும் வேண்டும், வாங்கிக் கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட்டுக்கு வராதீர்கள். காப்பகத்துக்கும் வராதீர்கள், போனும் செய்யாதீர்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் வேறு யாரையாவது அனுப்புங்கள்.

நீங்கள் வாயைத் திறந்து சாப்பிட்டியா என்று கேட்டால் போதும் அக்கா. அவளுக்கு உங்கள் குரல் தெரியும்.

இப்படிக்கு,
வாயாடி