மனிதர் அட்டவணை

நாள் 212, 07:10
நிலவின் தென்முனை, பனி அகழ்வு நிலையம். பதிபவர் ரெஜினா, மென்பொருள் வடிவமைப்பு. இருப்பு எட்டுப் பேர்: நான், தலைமைப் பொறியாளர் ஞானசிகாமணி, ஒப்பந்தத் துளைப்பாளர்கள் ஆறு பேர். அழுத்தம் இயல்பு.

காற்றைப் பங்கிடும் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றினோம். அதை யார், எந்தச் சூழலில், எதற்குப் பயன்படுத்துவார் என்பதைச் சூழலுக்கு ஒரு பக்கமாக எழுதிவைப்போம். யூஸ் கேஸ் என்பது அதுதான். கிழக்குச் சுரங்கத்தில் விரிசல் விழுந்து, துளைப்பாளர்கள் காற்று கசியாத பாதுகாப்புக் கூண்டுக்குள் ஒதுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தை ஞானசிகாமணி நீக்கிவிட்டார். யாருக்கெல்லாம் காற்று வேண்டும் என்று மென்பொருள் பார்க்கும் மனிதர் அட்டவணையிலிருந்தும் அவர்களை எடுக்கச் சொன்னார்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா மாறுற ஆளுங்க, ரெஜினாம்மா. மெஷினோட சேத்துப் போட்டுருங்க. டேட்டா மாடல் சின்னதா இருக்கணும்."

மறுத்தேன். பிறகு அவர் சொன்னபடியே மாற்றினேன்.

நாள் 219, 10:42
கிழக்குச் சுரங்கத்தில் விரிசல். ஆறு பேரும் கூண்டுக்குள். துளை இயந்திரம் நின்றது. மென்பொருள் தேடிப் பார்த்தது: கூண்டில் மனிதர்கள் பூஜ்யம். காற்றை அடைத்துவிட்டது.

கட்டுப்பாட்டு அறையில் கையால் திருகும் வால்வு உண்டு. அதன் பூட்டுச் சாவி ஞானசிகாமணியின் கழுத்தில். கேட்டேன்.

"தொறந்தா இங்க அழுத்தம் எறங்கும். கொஞ்சம் பொறுங்க, பாப்போம்."

வானொலியில் பேச்சியம்மாள். ஆறு பேரில் ஒருத்தி, விளாத்திகுளத்துக்காரி. இந்த நிலையத்தில் என்னோடு சேர்ந்து சாப்பிட்ட ஒரே ஆள்.

"ஏட்டி ரெஜினா, மூச்சு முட்டுதுட்டி. காத்தத் தொறந்துவிடச் சொல்லு. மாடசாமி மயங்கிட்டான். கேக்கியா?"

10:53. வானொலியில் சத்தம் இல்லை.

நாள் 220, 08:00
பூமிக்கு ஞானசிகாமணி அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். 'ஒரு துளை இயந்திரம் செயலிழந்தது. பணியாளர் இழப்பு இல்லை.' மென்பொருளின் கணக்குப்படி அது சரி.

காலை உணவுக்கு என்னைக் கூப்பிட்டார். போனேன். எதிரே உட்கார்ந்து அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

நாள் 223, 16:20
நாளை மறுநாள் சரக்குக் கப்பல் வருகிறது. நாளை அவர் இறங்குதளக் கூண்டுக்குப் போய் விளக்குகளைச் சரிபார்ப்பார். வெளியே போகிறவர் சாவியை உள்ளே இருப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி.

மனிதர் அட்டவணையில் இரண்டு வரிசைகள்தான். ஒன்றை நீக்க ஒரே கட்டளை போதும். இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

நாள் 224, 11:05
சாவி என்னிடம். அவர் கூண்டுக்குள் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றினார். கட்டளையை அனுப்பினேன். கூண்டில் மனிதர்கள் பூஜ்யம். கதவும் பூட்டிக்கொண்டது.

"ரெஜினாம்மா, காத்து நின்னுபோச்சு. வால்வத் தொறங்க."

"கொஞ்சம் பொறுங்க சார். பாப்போம்."

கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். அவருடைய உடையில் பதினொரு நிமிடக் காற்று இருந்தது. திட்டினார். பிறகு அழுதார். உண்மையைப் பூமிக்குச் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

"அந்த ஆறு பேரு பேரையும் சொல்லுங்க சார். தொறக்குறேன்."

"மாடசாமி... இசக்கிமுத்து... அப்புறம் அந்த நெட்டையா ஒருத்தன்..."

அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. 11:16. முடிந்தது.

நாள் 225, 09:30
சரக்குக் கப்பலின் தலைவர் அழைத்தார்.

"ஞானசிகாமணி சார் லைன்ல வரலையே?"

"செத்துட்டாரு."

"ஐயோ. விபத்தா?"

"இல்ல. நான்தான் கொன்னேன்."

கப்பல் இறங்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. பூமியிடம் கேட்கிறார்களாம்.

நாள் 225, 13:50
இன்னும் பதில் இல்லை. இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. நேற்றைய பதிவில் ஒரு பொய் இருக்கிறது.

இரண்டு பேரோடு அவர் நிறுத்தவில்லை. திணறினார், யோசித்தார், ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு பேரையும் சொன்னார். கடைசியாகப் பேச்சியம்மாள். தெளிவாகச் சொன்னார்.

அப்போது அவரிடம் இன்னும் நான்கு நிமிடக் காற்று இருந்தது. சாவி பூட்டில் இருந்தது. என் கை வால்வின் மேல்

நான் திருகவில்லை