பாதுகாப்பு வாரப் போஸ்டர்கள்

மார்ச் 3, திங்கள்

பர்ச்சேஸ் சார் இன்று ஓர் ஆர்டர் டைப் அடிக்கச் சொன்னார். பாதுகாப்பு வாரப் போஸ்டர், மூவாயிரம். இந்தப் பம்புத் தொழிற்சாலையில் வேலை செய்வதே நானூறு பேர். "சார், மூணு சைபரா?" என்று கேட்க வாயெடுத்தவள், மூவாயிரம் என்றே அடித்துக் கொடுத்தேன். என் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஏழு வாரம். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அம்மா இங்கேயே பேக்கிங்கில் பதினாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து வாங்கிக் கொடுத்த டிகிரி. ஒரு சைபருக்காக அதைத் தொலைக்க முடியுமா?

மார்ச் 6, வியாழன்

சங்கத் தேர்தல் இருபதாம் தேதி. செயலாளர் பதவிக்கு அம்மா நிற்கிறாள். ஜெயிக்கிறவர்தான் அடுத்த மூன்று வருடச் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். எதிரே நிற்பது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும், எப்போதும் சென்ட் மணக்கும் 'சென்ட்' அண்ணன். சங்கத்தில் சேர்ந்தே எட்டு மாதம்தான். அதற்குள் தொழிலாளர் துயரம் அவர் தொண்டையை அடைக்கிறது, பாவம். கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தி, "தங்கச்சி, இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றார். தலையாட்டினேன். தலையாட்டத்தான் நமக்கு நன்றாக வருமே.

மார்ச் 10, திங்கள்

மதியம் எல்லாருக்கும் சென்ட் அண்ணன் தொப்பி கொடுத்தார். "எல்லாம் நம்ம கைக்காசுதான்!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். கைக்காசாம்! போன மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றவர். பல்லிளித்துக்கொண்டு வாங்கியவர்களைப் பார்க்க அதைவிட எரிச்சல். அம்மாவின் பக்கத்தில் நின்று வேலை செய்கிற அக்கா இரண்டு வாங்கினாள். "வெயிலுக்கு ஆகும்ல?" என்று அம்மாவிடமே சொன்னாளாம்.

மார்ச் 12, புதன்

சைக்கிள் நிறுத்துமிடச் சுவர் முழுக்க சென்ட் அண்ணனின் பல்வரிசை. கிட்டே போய்ப் பார்த்தேன். போஸ்டரின் கீழ் ஓரத்தில், எறும்பளவு எழுத்தில் ஓர் எண். பாதுகாப்பு வாரப் போஸ்டருக்கு நான் டைப் அடித்த ஆர்டர் எண்!

வெளியே அச்சாகி வரும் எந்தத் தாளிலும் ஆர்டர் எண் இல்லாவிட்டால் எங்கள் ஸ்டோர்ஸ் உள்ளே எடுக்காது. அச்சகக்காரர் பல வருடப் பழக்கத்தில் இதிலும் போட்டுவிட்டார். அத்தனை பெரிய அறைகளில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. திருட்டுத்தனத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஜென்மங்கள். இவர்களைப் பார்த்தா நான் தினமும் பதறி எழுந்து நிற்கிறேன்?

மார்ச் 13, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நீ எதையும் பார்க்கல. என்கிட்ட எதுவும் சொல்லவும் இல்ல."

"அம்மா, உன்னைத் தோக்கடிக்கத்தானே கம்பெனி செலவு பண்ணுது?"

"தோத்தா அடுத்த தடவை நிப்பேன். உன் வேலை போனா அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாதுடி."

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. இன்று யாரையாவது கேவலமாக எழுத வேண்டுமென்றால் என்னைத்தான்.

மார்ச் 17, திங்கள்

தேர்தல் அதிகாரி வெளியிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர் துறைக்காரர். சங்க அறையில் புகார்களை வாங்குகிறார். போஸ்டரையும் ஆர்டரின் நகலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"சத்தமா சொல்லும்மா, காதுல விழல."

"அந்த நம்பரைப் பாருங்க சார்." அவ்வளவுதான் வந்தது.

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "கையெழுத்துப் போடுவியா?"

போட்டேன்.

மார்ச் 19, புதன்

சென்ட் அண்ணனின் வேட்புமனு ரத்து. புது வேட்புமனுக்களுக்காகத் தேர்தல் இரண்டு வாரம் தள்ளிவைப்பு.

நிர்வாகத்தின் விளக்கம்: "தகுதிகாண் ஊழியர் ஒருவரின் தட்டச்சுப் பிழை." அடேங்கப்பா! என் விரல் வழுக்கியதில் மூவாயிரம் தாளில் ஓர் ஆளின் முகம் விழுந்துவிட்டது! எச்.ஆர். சார் இதை எனக்கு நேராகவே வாசித்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நாளையிலிருந்து நான் வர வேண்டாமாம்.

அம்மா திட்டவில்லை. தட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

அம்மா ஜெயித்துவிட்டாள். கடைசி நேரத்தில் நிர்வாகம் தேடிப் பிடித்து நிறுத்திய ஆளுக்கு எழுபத்தொரு ஓட்டு. எழுபத்தொரு மகான்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒப்பந்தப் பேச்சின் முதல் நாள். சாயங்காலம் வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"உன்னைத் திரும்ப எடுத்துக்கறாங்களாம். நிரந்தரமாவே. சம்பள உயர்வை ஒரு வருஷம் தள்ளிவைக்க மட்டும் நான் ஒத்துக்கணுமாம்."

ஒரு கணம் மனசு துள்ளியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"நீ என்னம்மா சொன்ன?"

"சார் இப்ப சொன்னதை ஒரு வார்த்தை விடாம கூட்ட மினிட்ஸ்ல எழுதிக்குங்கன்னேன். எச்.ஆர். சார் தண்ணி கேட்டாரு. ஒரு டம்ளர் இல்ல, மூணு."

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "கோவமாடி?"

"இல்லம்மா" என்றேன். பாதி பொய்.

ஏப்ரல் 12, சனி

இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். 'முந்தைய வேலையை விட்டதற்கான காரணம்' என்ற கட்டம் ரொம்பச் சின்னது. தனித்தாள் இணைத்திருக்கிறேன்.